மணமாகாதவர் படிவம்

— பாருங்க டைப்பிஸ்டம்மா, கடிதம் யாருக்குன்னு சொல்லாம, எதுக்குன்னும் சொல்லாம, 'சீல் மட்டும் வைங்க சார்'னா எப்படி வைக்கிறது? ஹெட்கிளார்க் நாற்காலியில உக்காந்துக்கிட்டு வெத்துத் தாள்ல சீல் குத்தினேன்னு தெரிஞ்சா நாளைக்கு ஆபீஸே கைகொட்டிச் சிரிக்கும்.

— வெத்துத் தாள் இல்ல சார். நானே அடிச்சு எடுத்துட்டு வரேன். நாலு வரிதான். நீங்க சரின்னு சொன்னா அஞ்சு நிமிஷ வேலை.

— நாலு வரியோ நாப்பது வரியோ, யாருக்குன்னு கேக்கறேன்.

— பெரியாஸ்பத்திரிக்கு.

— ஆஸ்பத்திரிக்கா? உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது… காலையிலேருந்து பார்க்கறேன், முகமே சரியில்லை. லீவு வேணும்னா கேளுங்களேன், அதுக்கு எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கறீங்க? இருபத்தேழு வருஷத்துல நீங்க எடுத்த லீவை விரல் விட்டு எண்ணிடலாம்.

— எனக்கு ஒண்ணும் இல்ல சார். சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வந்தேன். எல்லாரும் கீழ போயிருக்காங்க. கதவைச் சாத்திட்டுச் சொல்லட்டுமா?

— சாத்தாதீங்க, சாத்தாதீங்க! அதுக்கொரு கதை கட்டுவாங்க. திறந்தே இருக்கட்டும். மெதுவாப் பேசுங்க, போதும்.

— ஆஸ்பத்திரியில ஒருத்தர் இறந்துட்டார் சார். உடம்பை என்கிட்ட கொடுக்கணும்னா, நான் அவருக்கு என்ன உறவுன்னு நான் வேலை பார்க்கிற இடத்துலேருந்து கடிதம் வேணுமாம். இன்னிக்கு நாலு மணிக்குள்ள. இல்லேன்னா கேப்பாரில்லாத உடம்புன்னு எழுதி நகராட்சி வண்டியில ஏத்திடுவாங்க. அதுக்கப்புறம் எங்க புதைப்பாங்கன்னுகூட எனக்குச் சொல்ல மாட்டாங்க.

— அடடா. யாரு? உங்களுக்குத்தான் அண்ணன் தம்பி கிடையாதே. உங்க சர்வீஸ் புக் எனக்கு மனப்பாடம். அப்பா தவறினது எட்டு வருஷம் முன்னாடி, நான்தான் லீவு எழுதிக் கொடுத்தேன். அப்புறம் அம்மா. அக்கா தங்கச்சிங்க ஆறு பேர். அக்கா வீட்டுக்காரரா?

— இல்ல சார். என் வீட்டுக்காரர்.

— ஓ.

— தண்ணி குடிங்க சார். புரையேறுது பாருங்க. மெதுவா.

— இருங்க, இருங்க. யாரு வீட்டுக்காரர்?

— என்னோட வீட்டுக்காரர். என் புருஷன்.

— உங்களுக்கு ஏதும்மா புருஷன்? பாருங்க, நீங்க மணமாகாதவர். இந்த ஜனவரியில எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கையில கொடுத்திருக்கீங்க. போன ஜனவரியிலயும் கொடுத்தீங்க. நான் எதிர்க் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

— பத்தொன்பது தடவை பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். பதிவாளர் ஆபீஸ்ல கல்யாணம். அவர் பக்கம் ஒரு சாட்சி, என் பக்கம் ஒரு சாட்சி. ஒரு வெள்ளிக்கிழமை, அரை நாள் லீவு போட்டேன். பல் வலின்னு எழுதியிருந்தேன்.

— பல் வலி! பாருங்க… எனக்குத் தலை சுத்துது. இந்த ஆபீஸ்ல ஒரு பென்சில் காணாம போனா மதியத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சுடும். பத்தொன்பது வருஷமா ஒரு புருஷனை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?

— ஒளிக்கவே இல்ல சார். பாலத்துக்கு அந்தப் பக்கம், சைக்கிள் கடை மாடியில ஒரு ரூம் எடுத்து இருந்தார். நான் பெண்கள் விடுதியில. கல்யாணமானவங்களுக்கு அங்க இடம் கிடையாது, அதனால அங்கயும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை மட்டும் அவர் ரூமுக்குப் போவேன். காலையில ஒன்பது மணிக்குப் போனா சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிடணும். ஏழு மணிக்கு விடுதியில கேட்டைப் பூட்டிடுவாங்க.

— ஞாயித்துக்கிழமை மட்டுமா?

— ஆமா சார். நேத்து ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து எண்ணிப் பார்த்தேன். நாள் கணக்குல கூட்டினா மூணு வருஷம்கூட வரலை.

— அவருக்கு என்ன ஆச்சு?

— திங்கட்கிழமை ராத்திரி விழுந்திருக்கார். நெஞ்சு வலியா, தலை சுத்தலா, தெரியலை. கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவுல கிடந்திருக்கார். செவ்வாய்க்கிழமை முழுக்க யாரும் பார்க்கலை. புதன்கிழமை காலையில வீட்டு ஓனர், பட்டப்பகல்ல விளக்கு எரியுதேன்னு மேல ஏறிப் போய்க் கதவைத் தட்டியிருக்கார். நேத்து சாயங்காலம் ஆபீஸ் விட்டுப் போனா, விடுதி வாசல்ல அவர் நிக்கறார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்கலாம்னு டாக்டர் சொன்னார். பக்கத்துல யாராவது இருந்திருந்தா பிழைச்சிருப்பாராம். அந்த டாக்டர் சின்னப் பொண்ணு சார். நான் யாருன்னு தெரியாம சொல்லிடுச்சு.

— ஐயோ.

— ஓனர்கிட்ட நான் அவரோட தங்கச்சின்னு சொல்லியிருந்தோம். ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டுப் போற பொம்பளைக்கு வேற என்ன சொல்ல முடியும்? அதுவே இப்போ வினையாயிடுச்சு. ஆஸ்பத்திரியில ஓனர், 'இவங்க அவரோட தங்கச்சி'ன்னார். நான் மனைவின்னேன். ஆபீஸ் அட்டையைக் கேட்டாங்க. அதுல மணமாகாதவர்னு கொட்டை எழுத்துல இருக்கு. கல்யாணச் சான்றிதழைக் காட்டினேன். அங்க இருந்த கிளார்க் ரெண்டையும் வரிசையா வச்சுப் பார்த்து, ஓனரையும் ஒரு தடவை பார்த்துட்டு, 'நீங்களே சொல்லுங்கம்மா, இதுல எதை நான் நம்பறது?'ன்னு கேட்டார். கோபமாக்கூடக் கேக்கலை. ஆபீஸ் கடிதம் கொண்டு வாங்கன்னுட்டார்.

— அவர் சொந்தக்காரங்க?

— ஒரு அண்ணன். கப்பல்ல வேலை. எந்தத் துறைமுகத்துல இருக்கார்னு அவருக்கே நிச்சயமாத் தெரியாது. வேற யாரும் இல்ல சார். நான்தான்.

— பாருங்க, நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. ஆனா ஆபீஸ்னா ஆபீஸ். இந்தக் கடிதத்துல நீங்க மனைவின்னு நான் எழுதிட்டா, பத்தொன்பது உறுதிமொழியும் பொய்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. கல்யாணம் பண்ணிக்கிட்ட அன்னிக்கே பெண் ஊழியர் ராஜினாமா பண்ணணும்னு ரூல் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா? உங்களுக்கப்புறம் வந்த மூணு பொண்ணுங்களும் என்ன பண்ணாங்க? கல்யாணப் பத்திரிகையோட ராஜினாமாவையும் சேர்த்துக் கொடுத்தாங்க. ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்து அனுப்பி வச்சோம்.

— அந்த மூணு ராஜினாமாவையும் அடிச்சுக் கொடுத்தது நான்தான் சார். மூணாவது பொண்ணு அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டுச்சு. கடிகாரத்தை வாங்கிக்கிட்டு, 'இனிமே எனக்கு எதுக்குக்கா மணி பார்க்கணும்?'னு கேட்டுச்சு.

— அதான் பயந்துட்டீங்களாக்கும்.

— இந்த நாற்காலிக்கு நான் எப்படி வந்தேன்னு உங்களுக்குத் தெரியும் சார். நீங்களும் அன்னிக்கு இருந்தீங்க.

— இல்லாம? நான் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. வேலை உத்தரவுல 'திரு'ன்னு போட்டு உங்களுக்கு அனுப்பிட்டாங்க. விண்ணப்பத்துல வெறும் முதலெழுத்து மட்டும் போட்டிருந்தீங்க, ஆம்பளைன்னு நினைச்சுட்டாங்க. காலையில நீங்க வந்து வாசல்ல நிக்கறீங்க. அப்போ இருந்த ஹெட்கிளார்க் உத்தரவைப் பார்க்கறார், உங்களைப் பார்க்கறார், மறுபடி உத்தரவைப் பார்க்கறார். 'உங்க அண்ணன் வரலையாம்மா?'ன்னு கேட்டார் மனுஷன்.

— 'அவர் வேகமா அடிக்க மாட்டார் சார், நான் அடிப்பேன்'னு சொன்னேன். எனக்கு அண்ணனே கிடையாது.

— ஹாலே சிரிச்சுது. அப்புறம் சோதிச்சுப் பார்த்தாங்க. ஒரு நிமிஷத்துல எழுபது வார்த்தை. அன்னிக்கே சேர்த்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் உங்களைச் சுத்தி ஒரு மரத் தட்டியை வச்சாங்க, ஆம்பளைங்க வேலை கெடுமாம். சத்தம் மட்டும்தான் வெளிய வரும்.

— ஆறு வருஷம் அந்தத் தட்டிக்குள்ளதான் இருந்தேன். பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. எதிர்ல இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டு வரணும். நான் தெருவைத் தாண்டிப் போறதை மேல ஜன்னல்லேருந்து வரிசையா நின்னு பார்ப்பாங்க. அதனால சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம இருந்து பழகிட்டேன். இப்பவும் தாகம் எடுக்கறதில்லை. அப்படி எல்லாம் பிடிச்ச நாற்காலி சார் இது. கல்யாணம் பண்ணிக்கிட்ட அன்னிக்கு ரூல் இருந்துச்சு. வேலையை விட மனசு வரலை.

— அது சரி… இருங்க, இருங்க. என்ன சொன்னீங்க? ரூல் இருந்துச்சு. நானும் இப்போ இருந்துச்சுன்னுதான் சொன்னேன், இல்ல?

— ஆமா சார்.

— அட, அந்த ரூல் இப்போ இல்லையேம்மா! எப்பவோ எடுத்துட்டாங்களே! பீரோ சாவி எங்க… இதோ. ஒரு சர்க்குலர் வந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. இங்கதான் எங்கயோ… இது பயணப்படி. இது மேஜை விளக்கு. இதோ இந்தக் கட்டு உங்க உறுதிமொழிப் படிவம், இதை இப்படி நகர்த்தி வைக்கறேன். அடேயப்பா, என்ன கனம்! நாடு முழுக்கப் பெண்கள் வேலைக்கு வந்துடுவாங்கன்னு பயந்து ஐந்நூறு அச்சடிச்சு வச்சாங்க. அந்த மூணு பொண்ணுங்களும் போனப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு, நீங்க மட்டும்தான். தீரவே மாட்டேங்குது.

— அதுக்கு மெய்ப்புப் பார்த்ததே அவர்தான் சார்.

— எதுக்கு?

— அந்தப் படிவத்துக்கு. அச்சாபீஸ்ல மெய்ப்புப் பார்க்கிற வேலை அவருக்கு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எழுத்துப் பிழை திருத்தறது. கல்யாணமாகி வந்த முதல் ஜனவரியில படிவத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சுட்டு, 'நல்லாப் பார்த்திருக்கேன், ஒரு பிழை இல்லை. மணமாகாதவர்ங்கற வார்த்தையைத் தவிர'ன்னார். ரொம்ப நேரம் சிரிச்சோம்.

— சிரிச்சீங்களாக்கும்.

— அவர்கூட இருந்தா சிரிப்பு வந்துடும் சார். முதல் தடவை இங்க வந்தப்பவே அப்படித்தான். ஆண்டறிக்கை அச்சுக்குப் போகுதுன்னு வந்தார். நான் அடிச்ச அறுபது பக்கத்தையும் ஒரு ஓரமா நின்னு படிச்சுட்டு, தட்டிக்கு மேல எட்டிப் பார்த்து, 'நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு எழுத்துக்குக் கால் விட்டுப் போச்சுங்க'ன்னார். அதுக்கு முன்னாடி எட்டு வருஷமா நான் அடிச்ச எதையும் யாரும் கடைசி வரைக்கும் படிச்சதில்லை. கீழ கையெழுத்துப் போட மட்டும் திருப்புவாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— எட்டு வருஷமா? அப்போ தட்டியை எடுத்துட்டாங்களே.

— ஆறு வருஷத்துல உயரத்தை மட்டும் பாதியாக் குறைச்சாங்க சார். முழுசா எடுத்தது அப்புறம்தான்.

— சரி, சரி. கிடைச்சுடுச்சு! இதோ பாருங்க, பழுப்பேறிப் போயிருக்கு. கேளுங்க. 'மணமான பெண் ஊழியர்கள் பணியில் தொடர்வதற்கு இருந்து வந்த தடை இதன் மூலம் நீக்கப்படுகிறது.' தேதியைப் பார்த்தீங்களா? ஒன்பது வருஷம் ஆச்சு. முதல் பத்து உறுதிமொழி தப்புத்தான், அதை இனிமே யாரும் கிளற மாட்டாங்க. மிச்ச ஒன்பதும் செல்லவே செல்லாது. உங்க வேலைக்கு ஒரு பங்கமும் வராது.

— மணி ஒண்ணே கால் ஆகுது சார். கடிதம்.

— ஆமா, ஆமா. உங்க மெஷினுக்கே போயிடலாம், நான் சொல்லச் சொல்ல அடிங்க. நம்ம அலுவலகப் பேர் அச்சடிச்ச தாளை எடுங்க.

— அய்யா, ஆபீசர் ஆய்வறிக்கை கேக்கறார். டைப்பிஸ்டம்மாவைச் சீட்டுல காணோமேன்னு பார்த்தேன், இங்கதான் இருக்கீங்களா.

— பதினோரு பக்கமும் முடிஞ்சுது பியூன் அண்ணே. பச்சை அட்டைக்குள்ள இருக்கு, எடுத்துட்டுப் போங்க.

— பதினொண்ணுமா? நேத்து சாயங்காலம்தானே கொடுத்தார்.

— காலையில ஏழரைக்கே வந்துட்டேன்.

— ஏழரைக்கா! என்னம்மா இது, புருஷனை அங்க வச்சுட்டு ஆய்வறிக்கையா அடிச்சுக்கிட்டிருந்தீங்க?

— வேற எங்க போறதுன்னு தெரியலை சார். விடுதியில அழுதா ஏன்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரியில காலையில உள்ள விட மாட்டாங்க. இங்க மெஷின் சத்தத்துல ஒண்ணும் தெரியாது.

— அந்த அண்ணன் போயிட்டாராம்மா?

— எந்த அண்ணனைச் சொல்றீங்க பியூன் அண்ணே?

— கண்ணாடி போட்டவரு. ஒல்லியா, கொஞ்சம் கூன் போட்டு நடப்பாரே. பன்னெண்டு பதிமூணு வருஷம் இருக்கும். ஆத்தங்கரை பெஞ்சுல உங்க ரெண்டு பேரையும் பார்த்திருக்கேன். ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுப் படிச்சுக்கிட்டிருந்தீங்க. ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசிக்கலை. புருஷன் பெண்டாட்டியைத் தவிர வேற யாரும் அப்படி உக்காந்திருக்க மாட்டாங்க. நமக்கென்னன்னு அடுத்த தெருவுல திரும்பிட்டேன்.

— யோவ், பன்னெண்டு வருஷமாத் தெரிஞ்சுமா என்கிட்ட மூச்சு விடலை?

— அய்யாகிட்ட சொன்னா அய்யா ரூல் பேசுவீங்க. அந்தம்மா பிழைப்புல நான் எதுக்குங்க மண்ணைப் போடணும்? நமக்கென்ன.

— எனக்குத் தெரியவே தெரியாது அண்ணே. நீங்க பார்த்தது.

— அதனாலதான்மா ஞாயித்துக்கிழமையில நான் அந்தப் பக்கமே போறதில்லை. எதிர்ல வந்துட்டா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். கடிதம் ஆகட்டும், கீழ வண்டி பிடிச்சு நிறுத்தறேன். ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன். தூக்க ஒரு ஆம்பளை வேணுமில்ல. அறிக்கையை ஆபீசர் மேஜையில வச்சுட்டு இதோ கீழ போறேன்.

— நல்ல மனுஷன். நான்தான்… சரி, மெஷின்ல உக்காந்து அடிங்க. 'இவ்வலுவலகத்தில் இருபத்தேழு ஆண்டுகளாகத் தட்டச்சராகப் பணிபுரிந்து வரும்', உங்க பேரைப் போட்டுக்கோங்க.

— ம்.

— 'என்பவர், காலஞ்சென்ற', அவர் பேரைப் போடுங்க. 'என்பவரின் சட்டப்பூர்வமான மனைவி என இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது.' என்ன, நின்னுட்டீங்க?

— இந்த வார்த்தையை நான் அடிச்சதே இல்ல சார். மத்தவங்களுக்கு எவ்வளவோ அடிச்சிருக்கேன். என் பேர் இருக்கிற தாள்ல அடிச்சதில்லை.

— மெதுவா அடிங்க. 'அவரது அடையாள அட்டையில் காணப்படும் மணமாகாதவர் என்னும் பதிவு, அலுவலகத்தின் கவனக்குறைவால் திருத்தப்படாமல் விடப்பட்டதாகும்.'

— அலுவலகத்தின் கவனக்குறைவா? அது பொய் இல்லையா சார்?

— பொய்யா? அதுதான் பெரிய உண்மை. அப்படியே அடிங்க. 'உடலை அவரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' அவ்வளவுதான். எடுங்க, சீல் வைக்கறேன்.

— ரொம்ப நன்றி சார். இந்த உதவியை மறக்கவே மாட்டேன்.

— நன்றி சொல்லாதீங்கம்மா. பாருங்க, ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டுப் போங்க. இந்தச் சர்க்குலர் வந்த அன்னிக்கு இதைக் கையில எடுத்துக்கிட்டு உங்க மேஜை வரைக்கும் வந்தேன். நீங்க என்னமோ அடிச்சுக்கிட்டிருந்தீங்க. நிமிர்ந்து, 'என்ன சார்?'னு கேட்டீங்க. எனக்கு வாய் வரலை. நாப்பது வயசாகித் தனியா இருக்கிற ஒரு பொம்பளைகிட்ட போய், 'இனிமே நீங்க கல்யாணம் பண்ணிக்கலாம்மா, வேலை போகாது'ன்னா அது எப்படி இருக்கும்? கேலி பண்றேன்னு நினைச்சுக்குவீங்க. ராத்திரி அழுவீங்க. 'ஒண்ணுமில்லை, ரிப்பன் இருக்கான்னு கேக்க வந்தேன்'னு சொல்லித் திரும்பிட்டேன்.

— ஞாபகம் இருக்கு சார்.

— சரி, சர்க்குலரை அத்தனை காப்பியோட உள்ள வச்சுப் பூட்டினேன். படிவத்தையாவது நிறுத்தினேனா? ரூலை எடுத்துட்டாங்க, படிவத்தை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதலை. நாம பாட்டுக்கு நிறுத்தினா நாளைக்கு யாராவது கேப்பாங்களோன்னு, ஜனவரி வந்தா உருவி உங்க மேஜையில வச்சுடுவேன். ஒன்பது வருஷம்! அதைப் பார்த்துப் பார்த்துத்தானே ரூல் இன்னும் இருக்குன்னு நீங்க நம்பிக்கிட்டிருந்தீங்க? அன்னிக்கு நான் வாயைத் திறந்திருந்தா மறுநாளே நீங்க ஒரு வீடு பார்த்திருப்பீங்க. அந்த மனுஷனோட ஒரு கூரைக்குக் கீழ இருந்திருப்பீங்க. விழுந்தப்போ கை கொடுக்க ஆள் இருந்திருக்கும். கூச்சப்பட்டுக்கிட்டு ஒரு ஆளையே சாக விட்டுட்டேனேம்மா.

— அப்படிச் சொல்லாதீங்க சார்.

— வேற எப்படிச் சொல்றது? இதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? தலைமை ஆபீஸ்லேருந்து ஒரே ஒரு காப்பிதான் வந்துச்சு. நம்ம ஆளுங்களுக்குக் காப்பி எடுக்க ஸ்டென்சில் வெட்டினது நீங்க. உங்க கையே அதை அடிச்சிருக்கு, உங்களுக்குத் தெரியலை. டைப்பிஸ்டுங்க எங்க படிக்கறாங்க? கண்ணு பார்க்கும், விரல் போகும், மனசு எங்கயோ இருக்கும்.

— நான் படிச்சேன் சார்.

— என்ன?

— அந்தச் சர்க்குலரை. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வெட்டினப்புறம் ரெண்டு தடவை. படிக்காம ஒரு தாளையும் நான் கையை விட்டு அனுப்பினதில்லை. அது அவர் பழக்கி விட்ட பழக்கம். இருபது காப்பி எடுத்து, நானே பின் குத்தி, நானே கொண்டு வந்து உங்க மேஜையில வச்சேன். நீங்க திரும்பி என்கிட்ட அதை எடுத்துட்டு வந்தப்போ எதுக்கு வந்தீங்கன்னும் எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சுமா? தெரிஞ்சும் ஒன்பது வருஷமா வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டீங்களா? ஏம்மா?

— எங்க வீட்டுல ஒன்பது பேர் சார், ரெண்டே ரூம். விடுதிக்கு வந்தப்புறம் பதினெட்டு வருஷம் மூணு பேரோட ஒரே ரூம்ல இருந்தேன். அந்த வருஷம்தான் எனக்குத் தனி ரூம் கொடுத்தாங்க. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். சாயங்காலம் போய் அதைப் போட்டுட்டா என்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. விளக்கைக்கூடப் போடாம சும்மா உக்காந்திருப்பேன். அவர் மேல ஆசை இல்லாம இல்ல சார். உயிரையே வச்சிருந்தேன். ஆனா அந்த ரூமை விட்டுக் கொடுக்க முடியலை. இன்னும் ஒரே ஒரு வருஷம், அப்புறம் சொல்லிடலாம்னு ஒவ்வொரு ஜனவரியும் நினைப்பேன்.

— அவர் ஒரு தடவைகூடக் கேக்கலையா?

— கேட்டார் சார். சர்க்குலர் அடிச்ச அதே வாரம் ஞாயித்துக்கிழமை. பாலத்துக்கு இந்தப் பக்கம் சின்னதா ஒரு வீடு காலியாகுதுன்னார். 'உங்க ஆபீஸ்ல அந்த ரூலை எப்பவாவது எடுப்பாங்களா?'ன்னு கேட்டார். நம்ம காலத்துல எடுக்க மாட்டாங்கன்னு சொன்னேன்.